குடும்பம் இல்லாத பெண்

‘காட்ஃபாதர்’ மூன்று பாகங்களையும் ஒரே வார இறுதியில், வீட்டில் உட்கார்ந்து பார்த்து முடித்தேன். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். 1972, 1974 படங்கள் முன்பே பார்த்தவைதான். 1990இல் வந்த மூன்றாவதைப் பற்றி எல்லோருக்கும் உள்ள புலம்பல் எனக்கும் உண்டு, அதை விடுங்கள்.

உணவகத்தில் மைக்கேல் இரண்டு பேரைச் சுடும்போது எனக்கிருந்த பதற்றமெல்லாம் அவன் மாட்டிக்கக் கூடாதே என்பதுதான். தங்கச்சி புருஷன் கார்லோவைக் காருக்குள் கழுத்தை நெரிக்கிறார்கள். ‘வேணும்டா உனக்கு’ என்று சத்தமாகவே சொன்னேன். ஆனால் ஏரியில் ஃப்ரெடோ செத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. சொந்த அண்ணனையா?

இரண்டாம் பாகத்தில் ஒரு பெண் வருகிறாள். வருகிறாள் என்பதுகூடத் தப்பு, கட்டிலில் ரத்தத்தோடு கிடக்கிறாள். பக்கத்தில் செனட்டர் கியரி, என்ன நடந்ததென்றே தெரியாமல் நடுங்குகிறார். குளியலறைப் பக்கம் மைக்கேலின் ஆள் நேரி துண்டில் கை துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொள்ள ஒரு உயிர். அவளுக்குக் குடும்பம் கிடையாது, கவலைப்படாதீர்கள் என்கிற மாதிரி அவரைத் தேற்றுகிறான் டாம் ஹேகன்.

ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினேன். முந்தைய தடவைகளில் இந்தக் காட்சி எனக்கு உறைக்கவே இல்லை. குடும்பத்துக்குள் விழுந்தால்தான் அது சாவு என்பது கார்லியோன்களின் சட்டம். என் தொண்டை அடைத்ததும் அதே சட்டப்படிதான்.

மூன்றாம் பாகத்தில் மைக்கேல் கர்தினாலிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். அண்ணனைச் சொல்லும்போது உடைந்து அழுகிறான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.