பெயரில்லா மடல்

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில், பிப்ரவரி 14ஆம் நாளன்று அனுப்பப்பெற்ற வாலன்டைன் மடல்கள் பலவற்றில் அனுப்பியவர் பெயர் இராது. பெயரை மறைப்பதே அம்மடலின் மரபு. அன்பு தன் பெயரை மறைத்துக்கொள்ளலாமா என்னும் வினா, அவற்றின் படங்களைக் காணுந்தோறும் என்னுள் எழுகின்றது.

வேலைப்பாடு வியக்கத்தக்கது. தாளை அச்சில் வைத்து அழுத்தி, மேலெழும்பிய புள்ளிகளை மெல்ல அராவி எடுத்தால், அது நுண்துளைகள் நிறைந்த லேஸ் துணிபோல் ஆகிவிடும். அதன்மேல் புறாக்கள், ரோசா மலர்கள், அம்பேந்திய கியூபிட் சிறுவன். இவற்றினும் என்னைக் கவர்ந்தது 'சிலந்தி வலை' எனும் வகை. வட்டத் தாளொன்றை மயிரிழையாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். நடுவிலுள்ள நூலைப் பிடித்துத் தூக்கினால் அது கூண்டுபோல் எழும். உள்ளே ஓர் ஓவியம் தெரியும். அனுப்பியவன் மறைந்திருக்கிறான், ஆயினும் தேடப்பட வேண்டும் என்றே மறைந்திருக்கிறான்.

1840ஆம் ஆண்டுவரை அங்கே அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெற்றவரே செலுத்தினார். அவ்வாண்டில் ஒரு பென்னி அஞ்சல் வந்தது, அனுப்புபவரே கட்டணம் செலுத்தலாயினர், மடல்கள் பெருகின. கூடவே இன்னொன்றும் பெருகிற்று. சேகரிப்பாளர்கள் இன்று அதனைக் 'காடி வாலன்டைன்' என்பர். (சிலுவையடியில் நீட்டப்பட்ட காடி நம் நினைவுக்கு வராமற் போகாது.) மட்டமான ஒற்றைத் தாள், கோரமான கேலிச்சித்திரம், கீழே இழித்துரைக்கும் பாட்டு. மணமாகாத முதுமகள், குடிகாரன், கடைக்காரர், பிற்காலத்தில் வாக்குரிமை கேட்ட பெண்கள் எனப் பலரும் இதற்கு இலக்காயினர். இதிலும் பெயர் இல்லை. அதே நாள், அதே அஞ்சற்காரர்.

மொட்டைக் கடிதம் பங்குக் குருவுக்குப் புதிதன்று. கையெழுத்திடாத வரியொன்று ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

செயலை மட்டுமன்றி, நோக்கத்தையும் சூழலையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று குருமடத்தில் கற்றோம். அவ்வாறு நோக்கின் நாணத்தால் மறைவது வேறு, கோழைத்தனத்தால் மறைவது வேறு. எனினும் லேஸ் மடலையும் என்னால் முற்றிலும் விடுவிக்க இயலவில்லை. பெயரைச் சொன்னவனையே ஒருத்தி ஏற்கவோ மறுக்கவோ முடியும். பெயரை மறைத்தவன் மறுப்பின் வலியிலிருந்து தப்பிக்கொள்கிறான். அவளோ தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் ஐயத்தோடு நோக்க வேண்டியவளாகிறாள். அந்த நூலை எத்தனை முறை தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஓவியம் மட்டுமே இருக்கும்.