அளவுக்கு மேலே ஓட்டுவது

ஒரு பொருளைச் செய்தவன் அதன் தலையில் ஓர் எண்ணைப் பொறித்து, 'இதற்கு மேல் ஓட்டாதே' என்கிறான். வாங்கியவன் மீறலாமா?

கம்ப்யூட்டர் பிரியர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மதர்போர்டு என்ற பலகையின் மேல்தான் மற்ற உறுப்புகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. (தாய் என்று பேர் வைத்தவன் ரசிகன்தான், சுமப்பதும் அவள், தாளம் போடுவதும் அவள்.) பலகை தட்டுகிற தாளத்தைச் சில்லு ஒரு எண்ணால் பெருக்கிக்கொண்டு ஓடும். 1998-இல் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று ஒரு மலிவுச் சில்லு விற்றது. தாளம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கு எண் நாலரை, ஆக 300. அதாவது நொடிக்கு 30 கோடி தட்டு. அபிட் பிஎச்6 போன்ற பலகைகளில், திரையில் வரும் பட்டியலில் 66-ஐ 100 ஆக்கினால் போதும். 450! அந்த வேகத்துக்கென்றே விற்ற பென்டியம் 2-க்கு விலை நான்கு மடங்கு. மாணவர்கள் குதித்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இதில் திருட்டு உண்டா? எனக்குத் தோன்றவில்லை. ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் பிறக்கிற சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். சந்தையில் மலிவுச் சரக்குக்குத்தான் கிராக்கி என்றால், நல்ல சில்லின் தலையிலும் சின்ன எண்ணே விழும். பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய சமாசாரம் அல்ல. ஆகவே அந்த எண் சில்லின் சுபாவம் இல்லை. விற்றவன் கொடுத்த வாக்கு. 'இதுவரை நான் ஜவாப்தாரி, அப்புறம் நீ.' அவ்வளவுதான்.

ஆனால் அதே காலத்தில் சில வியாபாரிகள் சில்லின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பெரிய எண்ணைப் பொறித்து, விலையேற்றி விற்றார்கள். இன்டெல் பெருக்கு எண்ணைப் பூட்டிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். காரியம் ஒன்றுதான். மாணவன் தன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமையை, வியாபாரி அடுத்தவன் தலையில் அவனுக்குத் தெரியாமல் ஏற்றினான்.

பேராவூரணியில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற ஒரு பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். வாங்குகிறவரிடம் சொல்லாமலேயே வேகத்தை ஏற்றிவிடுவானாம். "காசு கூட வாங்கலையே சார், நல்லதுதானே செய்றேன்?" என்கிறான். வாஸ்தவம்தான். அவன் மனசில் கபடம் இல்லை.

"தம்பி, கல்லணைக் கால்வாயைப் பார்த்திருக்கியா?" என்றேன். சிரித்தான். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய். இவர்கள் ஊர் அதன் கடைமடை. எந்தக் கால்வாயிலும் முழுத் தண்ணீர் ஓடும்போதும் கரையின் தலை கொஞ்சம் மேலே சும்மா நிற்கும். பயிர் காய்கிற கடைமடைக்காரன் கண்ணுக்கு அந்த இடைவெளி வீணாகத்தான் படும். இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன? விடலாம்; ஆனால் கரை உடைவது அவன் வயலில் அல்ல, மேலே இன்னொருவன் வயலில்.

சில்லுக்கும் இப்படி ஒரு கரை உண்டு. வேகம் ஏற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கும். அதைப் பத்தில் ஒரு பங்கு ஏற்றினாலே சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். சித்திரை மாசத்தில், தகரக் கூரையின் கீழ், பாதிக் கரையை வெயிலே தின்றுவிடுகிறது. கால்வாய் உடைந்தால் ஊரே ஓடிவரும். சில்லு உடைவதோ பல சமயம் சத்தமே இல்லாமல். திரை அணையாது, புகை வராது, ஒரு கணக்கு மட்டும் தப்பாக விழும்.

விளையாடுகிற பையனுக்கு அதனால் ஒரு ஆட்டம் போகும். போகட்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அப்படி ஒரு பட்டியலை, வேகம் ஏற்றியது தெரியாத ஓர் இயந்திரத்தில் ஒரு குமாஸ்தா அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பூஜ்யமும் ஒன்றுமாக எழுதுகிற எழுத்தில், ஒரே ஒரு ஒன்று பூஜ்யமாகப் புரண்டால் 20 என்பது 4 ஆகிவிடும். 22,000 ரூபாய் 4,400. தோப்பை இழந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? குமாஸ்தாவிடம் கேட்பார். அவர் திரையைத் திருப்பிக் காட்டுவார்; அதில் 4 என்றுதான் இருக்கும்.