நோன்பும் சட்டமும்: ஒரு வேட்டை வழக்கினை முன்னிட்ட ஆராய்ச்சி

ஒருவன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளுங் கட்டுப்பாடு நோன்பு எனப்படும். பலர் கூடி எல்லார்க்குமாக இடுங் கட்டுப்பாடு சட்டம் எனப்படும். இவ்விரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் அகத்தே பெரிதும் வேறுபாடுடையன. நோன்பிற்கு நோற்பவன் மனவுறுதியே போதிய காரணமாம். சட்டத்திற்கோ பிறர்க்கு விளையும் நன்மை தீமைகளே காரணமாதல் வேண்டும். இவ்வேறுபாட்டினை மாணாக்கர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர்க்குப் பயன்படத்தக்க வழக்கொன்று ஐக்கிய அமெரிக்காவிலே பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது. வில்லாளர்க்கென வகுத்த மான்வேட்டைப் பருவத்திலே குறுக்குவில்லை அனுமதித்தல் தகுமா, தகாதா என்பதே அவ்வழக்காம்.

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நம்மனோர்க்கு வேட்டுவர் வழக்கினால் ஆவதென்னை எனச் சிலர் வினவுதல் கூடும். வேட்டை நன்றென நாட்டுதல் ஈண்டு நம் கருத்தன்று. கொலை நிகழும் இடத்தும் அதற்கோர் எல்லை வேண்டுமென மாந்தர் மனம் கூறுகின்றது. அவ்வெல்லையை எக்காரணத்தால் இடுதல் முறை என்பதனையே ஆராயப் புகுந்தாம்.

முதற்கண் வழக்கின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவாம். இறைச்சிக்கும் தோலுக்குமாக வரைவின்றிக் கொல்லப்பட்டமையால், 1900-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வெண்வால் மான்கள் ஏறக்குறைய 5 இலட்சமாகக் குறைந்தன என்ப. பின்னர் மாநில அரசினர் வேட்டைக்குப் பருவமும் தொகையும் வகுத்துக் காத்தனர். காவலினாலே பெருகிய அம்மான்கள் இன்று 2 கோடிக்கு மேற்பட்டுவிட்டன. அவற்றை உண்டு வாழ்ந்த ஓநாய் முதலியன பெரும்பாலான இடங்களில் ஒழிந்தமையால், மான்கள் பயிரை அழித்தலும் வீதியில் மோட்டார் வண்டிகளோடு மோதி மடிதலும் மிகுந்தன. ஆதலின் மான்தொகையை அளவுபடுத்தும் பொறுப்பு வேட்டுவர் கையதாயிற்று.

வில்வேட்டை அங்கே புத்துயிர் பெற்ற வரலாறு இரங்கத்தக்கது. தன் இனத்தாரெல்லாம் அழிந்தொழியத் தனியனாய் எஞ்சிய இஷி என்னும் யாஹிப் பழங்குடியாளன் 1911-இலே கலிபோர்னியாவில் வெளிப்பட்டான். அவனுக்கு வைத்தியஞ் செய்த சாக்ஸ்ரன் போப் என்பார் அவனிடத்தே வில்வித்தை கற்றார். இஷி 1916-இல் இறந்தான். போப் எழுதிய வில்வேட்டை நூல் 1923-இல் வெளிவந்து பலரையும் அவ்வித்தையின்பால் ஈர்த்தது. 1934-இலே விஸ்கொன்சின் மாநிலம் தன் இரண்டு மாவட்டங்களில் வில்லாளர்க்கெனத் தனி மான்வேட்டைப் பருவம் வகுத்தது. ஏனைய மாநிலங்களும் காலப்போக்கில் அவ்வழி நின்றன.

அப்பருவத்தின் அடிப்படையில் எழுதாத உடன்படிக்கை ஒன்றுண்டு. விஸ்கொன்சினிலே துவக்கு வேட்டைக்குரிய முதன்மைப் பருவம் கார்த்திகை மாதத்தையொட்டி 9 நாள்களே. வில்வேட்டைக்கோ புரட்டாதி தொடங்கி மார்கழி வரையிற் பல வாரங்கள் உண்டு. இவ்வேறுபாடு ஏன்? வில்லாளன் மானுக்கு அறுபது, தொண்ணூறு அடி அணித்தே செல்லல் வேண்டும். மான் காணாதபடி கையை அசைத்து நாணை இழுத்தல் வேண்டும். அவ்வாறு இழுத்த நாணைத் தன் தோள்வலியினாலே தாங்கி நிற்றலும் வேண்டும். ஆதலின் வில்லாளர் பலர் வெறுங்கையராய் மீளுவர். கருவி அரிதாயின் காலம் நீளும். கருவி எளிதாயின் காலம் குறுகும். இதுவே அவ்வுடன்படிக்கை.

இனிக் குறுக்குவில்லின் இயல்பு யாதெனின், துவக்குக்கு உள்ளது போன்ற கட்டையின் முனையிலே குறுக்காக வில் பொருத்தப்பட்டிருக்கும். நாணை முன்னரே இழுத்து மாட்டிவிடலாம். தூரம் பெருக்கிக் காட்டும் கண்ணாடியாற் குறிபார்த்து விசையை விரலால் அழுத்தின் அம்பு பாயும். நாணைத் தாங்கி நிற்கும் வருத்தமில்லை; மான் அருகில் வந்தபின் நாணிழுக்கும் அசைவுமில்லை.

வில்லாளர் கூற்று யாதெனின்: "இஃது அரை வில்லும் அரைத் துவக்குமாம். நீண்ட பருவம் எங்கள் வருத்தத்திற்கு ஈடாகத் தரப்பட்டது. வருத்தம் ஏற்காதார் அதிற் பங்கு கேட்டல் நியாயமன்று" என்பர். மறுதலையார் கூற்று யாதெனின்: "முதியோரும் தோள் நலிந்தோரும் சிறுவரும் வேறெவ்வாறு வேட்டை செய்வர்? நீவிர் ஏந்தும் வில் மாத்திரம் இஷியின் வில்லோ?" என்பர்.

இவ்விரண்டாம் வினா வலியுடையது. மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன் என்பார் கப்பிகள் பூட்டிய வில்லொன்றைப் புனைந்து 1969-இலே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இக்காலத்து வில்லாளர் பெரும்பாலார் அவ்வகை வில்லையே ஏந்துவர். அதனை முற்ற இழுத்தபின் கை தாங்கும் பாரம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகக் குறைந்துவிடும். அதுவும் வந்த காலத்தில் வில்லன்று என இகழப்பட்டதே. தமக்கு முன்னே கிட்டிய சலுகையை இயல்பென்றும், பின்வருவோர் கேட்குஞ் சலுகையை முறைகேடென்றும் கூறுதல் நடுநிலையாகாது.

கருவியின்மேல் இடப்பட்ட பழைய தடைகளையும் இங்கே நோக்குதல் தகும். நாம் இளமையிலே பாதிரிமார் கல்விச்சாலையிற் படித்த ஐரோப்பிய சரித்திரத்தில் இவ்வில்லுக்குத் தனியிடம் உண்டு. 1139-இற் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம், கிறிஸ்தவர்மேல் இவ்வில்லைப் பிரயோகித்தலைத் தடுத்தது. அவ்விதியே வில்லாளரையும் உடன்சேர்த்து விலக்கியது என்பதும், கிறிஸ்தவரல்லாதார்க்கு அதனால் யாதொரு காவலும் இல்லை என்பதும் கருதத்தக்கன. 1199-இலே ஆங்கில அரசன் றிச்சாட் இவ்வில்லின் அம்பு பட்டே மாண்டான். எட்டாம் ஹென்றியின் 1541-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆண்டுக்கு 100 பவுண் வருவாயில்லாதார் இவ்வில்லை வைத்திருத்தலை விலக்கியது. மக்கள் நெடுவில் பயிலுதலைக் கைவிடாதிருத்தலே அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே ஒரு கருவி தடுக்கப்பட்டதெனக் கேட்டவுடன், அத்தடை யாரைக் காக்கின்றது என வினவுதல் வேண்டும்.

இவ்வழக்கிலே இருசாராரும் தத்தம் உரிமையை உரைக்கின்றனர். வாய் பேசாத மூன்றாவது கட்சி ஒன்றுண்டு, அது மான். அம்பு துவக்கின் குண்டுபோல அதிர்ச்சியாற் கொல்வதன்று. குருதியை வடித்துக் கொல்வது. நுரையீரலிற் பட்டால் மான் விரைந்து மடியும். குடலிற் பட்டாலோ நெடுநேரம் துன்புற்றுக் காட்டிலே கிடந்து சாகும். இதற்கு ஆசிரியன்மார் எளிதிற் செய்யத்தக்க கணக்கொன்று கூறுவாம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1100 அடி செல்லும். கப்பிவில்லின் அம்பு ஏறக்குறைய 300 அடி செல்லும். 120 அடி தூரத்தே நிற்கும் மானை நாணோசை 0.11 விநாடியில் எட்டும், அம்பு 0.40 விநாடியில் எட்டும். இடையிலுள்ள 0.29 விநாடியில் மான் வெருவி உடலைத் தாழ்த்தும், குறி தவறும். குறுக்குவில்லின் அம்பு விநாடிக்கு 400 அடி சென்றாலும், 0.19 விநாடி எஞ்சுகின்றது. ஆகவே குறுக்குவில் கொண்டவனும் அணித்தே சென்று பொறுத்திருத்தல் வேண்டும். எளிய கருவி எனத் தொலைவிலிருந்து எய்பவன் மானை வதைப்பவனாவான். அவ்வாறே, தோள் தளர்ந்த பின்னரும் பெருமைக்காக வில்லையே ஏந்திப் பிழைபட எய்பவனும் வதைப்பவனே.

ஈண்டு ஓருண்மை வெளிப்படுகின்றது. தன்னை வருத்திப் பெறும் அருமை நோன்பாகலாம். தான் விரும்பிய அருமைக்கு மற்றோருயிர் தன் நோவினால் விலை கொடுக்குமாயின், அதனை நோன்பென்றல் பொருந்தாது.

எனவே நாம் துணிவது இது. முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் குறுக்குவில்லை மறுத்தற்கு நியாயமில்லை. ஏனையோர்க்கும், வில்லின் மாண்பு குன்றும் என்னும் ஒரு காரணத்தாற் சட்டம் அதனை விலக்குதல் தகாது. மான்தொகை குறைந்த இடத்தில் எளிய கருவிக்குரிய நாள்களைக் குறைத்தலும், கொல்லத்தக்க தொகையைச் சுருக்குதலும் தகும். அவற்றிற்குப் பொதுநன்மை காரணமாதலின் என்க. வில்லாயினும் குறுக்குவில்லாயினும், குறிதவறாமை காட்டியவர்க்கே அனுமதி என ஒரே அளவுகோல் வைத்தல் அதனினும் தகும். அதற்கு மானின் துன்பம் காரணமாதலின் என்க.

அரசினர்க்கும் ஒரு சொல் உண்டு. வேட்டை அனுமதிக் கட்டணமும், 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தாலே இதற்கென ஒதுக்கப்பட்ட துவக்கு வரியும், பின்னர் 1972-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வில் அம்புகள்மேல் விதித்த வரியும் காட்டுயிர்க் காவலுக்குப் பொருளாகின்றன. வேட்டுவர் தொகை குறையின் அப்பொருளும் குறையும். ஆதலின் எளிய கருவிக்கு இடந்தரும் மனம் அவர்க்கு இயல்பாகவே உண்டாம். தீர்ப்புக் கூறுவோர் வழக்கிலே தமக்கும் ஊதியமிருத்தலை மறவாதிருத்தல் வேண்டும்.

வில்லாளர் கூற்றிலே நாம் மதிக்கத்தக்கதும் ஒன்றுளது. விஸ்கொன்சினிலே 2014-இற் குறுக்குவில் எல்லார்க்கும் திறக்கப்பட்டபின், சில ஆண்டுகளுள் அதனால் வீழ்ந்த மான்கள் வில்லால் வீழ்ந்தவற்றினும் மிகுந்தன. எளிய வழி திறந்திருக்க அரிய வழியைப் பயில்வார் யார் என அவர் கவலுதல் வீணன்று. அருங்கலை ஒன்று மறையுமாயின் அஃது இழப்பே. ஆயினும் அதற்கு மருந்து பிறரைத் தடுத்தலன்று. 1961-இலே நிறுவப்பட்ட போப் அன்ட் யங் கழகம் குறுக்குவில்லால் வீழ்த்திய மானைத் தன் பதிவேட்டிற் சேர்ப்பதில்லை. அது விரும்பிச் சேர்ந்தார் தமக்குள் வகுத்த நெறி. நோன்பு வாழவேண்டிய இடம் அதுவே.

ஆசிரியன்மாரே, நம் வகுப்பறையிலும் இவ்வழக்கு நாள்தோறும் வருகின்றது. மனக்கணக்கிலே வல்லவன் தாளிற் கணக்கிடுபவனை இகழ்கின்றான். நூல் முழுவதையும் நெட்டுருச் செய்தவன் ஏட்டைப் பார்ப்பவனை இகழ்கின்றான். அரிதின் முயல்பவனைப் பாராட்டுங்கள்; அவன் முயற்சியைப் பிறர்க்கு விலங்காக்க இடங்கொடாதீர்கள். விதியொன்று இடப் புகும்போது, அதனாற் காக்கப்படுபவர் யாவர், அதற்கு நோவினால் விலை கொடுப்பவர் யாவர் என்னும் இரண்டு வினாக்களையும் மாணாக்கர் தாமே வினவப் பழக்குங்கள். அவ்விரண்டும் வினவப் பழகியவன் எத்தேசத்து வழக்கினையும் நடுநின்று ஆராய வல்லவனாவான்.