பறித்ததை யார் திருப்புவது?

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தில், யானைகளுக்கு அருகே ஒரு பூனை தவம் செய்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, மேலே நிற்கும் முனிவரைப் போலவே நிற்கிறது. அதனைச் சுற்றி எலிகள். மறைக்கல்விச் சிறுவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்கள் முதலில் கண்டு சிரிப்பது அந்தப் பூனையைத்தான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி எந்தக் கதையை எண்ணி அதைச் செதுக்கினான் என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நமக்கு நினைவு வருவது பஞ்சதந்திரப் பூனை. ஒரு பொந்துக்கு உரிமை கோரிக் கௌதாரியும் முயலும் வழக்காடுகின்றன. நோன்பிருக்கும் பூனையொன்றை நடுவராகக் கொள்கின்றன. தமக்குக் காது மந்தம் என்றும், அருகே வந்து சொன்னால் நலம் என்றும் நடுவர் கூறுகிறார். அருகே வந்ததும் இருவரையும் தின்று விடுகிறார். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே தீர்ப்பு.

2025 மார்ச் 14ஆம் நாள் இரவு தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லத்தில் தீப்பிடித்தது. பொருள் அறையில் எரிந்தும் எரியாமலும் கிடந்த பணத்தாள்களின் படங்களைச் சில நாள்களில் உச்ச நீதிமன்றமே வெளியிட்டது. அந்தப் பணம் தம்முடையதன்று என்று அவர் மறுத்தார். பின்னர் அவர் அலகாபாதுக்கு மாற்றப்பட்டார். அவரை நீக்கக் கோரும் தீர்மானத்தை ஆகஸ்டில் மக்களவைத் தலைவர் ஏற்று, மூவர் குழு ஒன்றை அமைத்தார். அப்போதைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அதில் ஒருவர்.

அந்தப் படங்கள் வெளிவந்ததை அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் கொதித்துப் பேசினார். "ஏழை ஒருத்தன் தேங்காய் திருடினால் அன்றைக்கே உள்ளே. இவர்களுக்கு மட்டும் ஊர் மாற்றமா, சாமி? நடுத்தெருவில் நிறுத்திச் சுட வேண்டும்." சுற்றி நின்றவர்கள் தலையசைத்தனர். நாம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அவரது சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றமே நீக்க முடியும். ஈரவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். இன்றுவரை அவ்வாறு ஒருவரும் நீக்கப்பட்டதில்லை. 1993 மே மாதம் நீதிபதி வி. இராமசாமி மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக 196 உறுப்பினர் வாக்களித்தனர். 205 பேர் வாக்களியாமல் அமர்ந்திருந்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. தீர்மானம் தோற்றது. குற்றமற்றவர் என்று சொல்லவும் துணியாமல், குற்றவாளி என்று சொல்லவும் துணியாமல் ஒரு மன்றம் கைகழுவியது. கைகழுவியவர் ஒருவரை நாம் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாச அறிக்கையில் பெயர் சொல்லி நினைவுகூருகிறோம்.

நமக்கு இன்னும் அருகில் நடந்தது காவேரிராஜபுரம் நிகழ்ச்சி. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அச்சிற்றூர், 1997இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை நம் பழைய செங்கை மாவட்டத்தில் இருந்தது. 2009இல், அப்போது கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த பி.டி. தினகரனை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப் பரிந்துரை வந்தபோது, அவ்வூரில் அரசு நிலமும் புறம்போக்கும் அவரது வேலிக்குள் அடைக்கப்பட்டுள்ளன என்று சென்னை வழக்கறிஞர்கள் சிலர் முறையிட்டனர். நிலமற்ற ஊர்மக்களும் குரலெழுப்பினர். அவர் அனைத்தையும் மறுத்தார். மாநிலங்களவையில் தீர்மானம் ஏற்கப்பட்டது. விசாரணைக் குழு அமைந்தது. இடையில் அவர் சிக்கிமுக்கு மாற்றப்பட்டார். (சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆகாதவர் சிக்கிம் மக்களுக்கு மட்டும் எப்படி ஆவார் என்று அன்று பலரும் கேட்டனர், நாமும் கேட்டோம்.) 2011இல் குழு 16 குற்றச்சாட்டுகளை வகுத்தது. ஜூலை மாதம் அவர் பதவி விலகினார். விசாரணை அத்துடன் நின்றது. அவர் குற்றவாளி என்றும் எவரும் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்றும் எவரும் சொல்லவில்லை. ஊர்மக்களுக்கு எந்த விடையும் கிடைக்கவில்லை; அவருக்கும்தான்.

ஆகவே மக்கள் சினம் கொள்கின்றனர். சினம் தலையாய பாவங்கள் ஏழில் ஒன்று என்று சிறுவயதில் மனப்பாடம் செய்த நம் மக்களுக்கு, அறிவுக்கு இசைந்த சினம் நற்பண்பாகும் என்றும், அநீதியைக் கண்டும் சினம் வராதிருப்பது குறையாகலாம் என்றும் தூய தாமஸ் அக்குவினார் கற்பித்திருப்பது வியப்பைத் தரலாம். ஆனால் சினம் எதைக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் தவக்காலத்தில் வாசிக்கிறோம். நீதிபதிகளாயிருந்த முதியோர் இருவர் சூசன்னா மீது பொய்க்குற்றம் சாட்டினர். அவர்கள் முதியோர், நீதிபதிகள் என்பதாலேயே மக்கள் மன்றம் நம்பியது. அவளுக்குச் சாவுத் தீர்ப்பிட்டது. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று வினவினான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். உடனே அதே மன்றம் ஆர்ப்பரித்து எழுந்து அவ்விருவரையும் கொன்றது. காலையில் சூசன்னாவைக் கொல்லச் சென்ற கால்களும், அந்த இருவரையும் கொல்லச் சென்ற கால்களும் ஒன்றே. "அம்மா, உன்னை நாங்கள் தவறாக எண்ணிவிட்டோம்" என்று அந்த மன்றத்தில் ஒருவர் சொன்னதாகவும் நூலில் இல்லை. அவளிடம் இழிவானது எதுவும் காணப்படவில்லை என்று இறைவனைப் புகழ்ந்தவர்கள் அவளுடைய பெற்றோரும் கணவரும் உற்றாருமே.

தண்டனையைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, பறிகொடுத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லுசேர்ன் வட்டாரத்தில் சியவரெல்லா, கானகன் என்னும் இரு நீதிபதிகள் தனியார் சிறார் சிறைகளோடு தொடர்புடையவர்களிடமிருந்து 28 இலட்சம் டாலர் பெற்ற செய்தி 2009இல் வெளியானது. சிறு குறும்புகளுக்காகவும் பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். 2011இல் ஒருவருக்கு 28 ஆண்டும், மற்றவருக்குப் பதினேழரை ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் குடியரசுத் தலைவர் பைடன் கானகனின் எஞ்சிய தண்டனையைக் குறைத்தபோது, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் கொதித்தெழுந்தனர். இரக்கம் காட்டியவர் காயப்பட்டவரைக் கேட்கவில்லை என்ற அவர்களது குமுறலை நாம் குறைகூற மாட்டோம். எனினும் அங்கே நடந்த மற்றொன்று நமக்கு ஏக்கத்தைத் தருகிறது. அம்மாநில உச்ச நீதிமன்றம் சியவரெல்லா தீர்த்த ஆயிரக்கணக்கான சிறார் வழக்குகளின் தீர்ப்புகளை நீக்கி, பிள்ளைகளின் பெயரிலிருந்த கறையைத் துடைத்தது. நம் நாட்டில் ஒரு நீதிபதி குற்றச்சாட்டோடு பதவி விலகினால், அவர் எழுதிய தீர்ப்புகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள் என்று எந்தச் சட்டமும் தானாகக் கட்டளையிடுவதில்லை. மோசடியால் பெற்ற தீர்ப்பு தீர்ப்பே அன்று என நம் உச்ச நீதிமன்றம் 1993இல் செங்கல்வராய நாயுடு வழக்கில் உரைத்தது உண்மை. ஆனால் மோசடியை மெய்ப்பிக்க வேண்டியவர் தோற்றவர். அவர் எதை விற்று மெய்ப்பிப்பார்?

இதே கேள்வியைத் தூய அகுஸ்தினார் எதிர்கொண்டிருக்கிறார். தண்டிக்கப்பட்டோருக்காக ஆயர்கள் ஏன் பரிந்து பேசுகின்றீர்கள் என்று மாசிதோனியு என்னும் உரோமை அதிகாரி கேட்டபோது அகுஸ்தினார் எழுதிய மறுமொழி நெடியது. குற்றத்தை வெறுத்து மனிதனுக்கு இரங்குகிறோம் என்கிறார். ஆனால் அதே கடிதத்தில், திருப்பிக் கொடுக்கக் கூடியவர் திருப்பிக் கொடாதவரை மன்னிப்பும் இல்லை என்கிறார். நீதிபதி நேரிய தீர்ப்பைக்கூட விற்கலாகாது என்கிறார். இரக்கத்தையும் ஈடுசெய்தலையும் அவர் பிரிக்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் திருச்சபை இன்றும் கேட்பது அதுவே. களவாடியவன் அழுதால் போதாது. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

இனி, ஆலய வாசலில் நாம் பேசாமல் நின்ற காரணம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த அன்பர் நம் இல்லத்துக்கு வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகே அவர்களது தந்தை விட்டுச் சென்ற முப்பது சென்ட் நிலத்துக்காக அவருக்கும் விதவையான அவர் தங்கைக்கும் நெடுநாள் வழக்கு. ஒரு காலத்தில் முந்திரியும் சவுக்கும் தவிர வேறெதற்கும் ஆகாதிருந்த மணல், சாலை வந்தபின் பொன்னாகியிருந்தது. வழக்கில் வென்றுவிட்டதாகவும், நன்றித் திருப்பலி வேண்டுமென்றும் கூறினார். பிறகு, பாவசங்கீர்த்தனமாக அன்று, தேநீர் அருந்தியபடி, "இடையில் ஓர் ஆள் மூலமாக மேலே ஒரு தொகை கொடுத்தோம், சாமி. இல்லாவிட்டால் இன்னும் பத்து வாய்தா இழுத்திருப்பான்" என்றார். எந்த ஊர் நீதிமன்றம் என்பது இங்கே வேண்டியதில்லை. அந்தத் தொகை நீதிபதியை எட்டியதா, இடையில் நின்றவனே விழுங்கினானா என்பதும் நமக்குத் தெரியாது. எட்டியிருக்காது என்றே அன்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

திருச்சபை நீதிமன்றங்களில் வழக்கை முன்னிட்டு எந்த அன்பளிப்பும் பெறலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1456ஆம் எண் விதிக்கிறது. அதைக் குருமடத்தில் படித்துத் தேறிய நாம், அவர் மேசைமேல் வைத்த உறையை எடுத்து இழுப்பறையில் வைத்தோம். ஞாயிறன்று அவர் பெயரைச் சொல்லி நன்றிக் கருத்தை வாசித்தோம். மூன்றாம் வரிசையில் அவர் தங்கை அமர்ந்திருந்தார். அவர் நற்கருணைக்கு எழுந்து வந்தார். நம் முகத்தைப் பார்க்காமல் நாவை நீட்டினார். அந்த ஒரு பார்வையின்மை நம்மைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

தில்லிப் பணத்தின் மீது அன்பர் கொண்ட சினம் நடிப்பன்று. உண்மையாகவே அவர் கொதித்தார். தாம் கொடுத்தது வேறு, அவர்கள் வாங்கியது வேறு என்று அவர் நம்புகிறார். கையூட்டைக் கொடுப்பவர் அதற்கு வழக்குச் செலவு என்றே பெயரிடுவார். அந்த வாரமே அவரை அழைத்து, நிலத்தில் பாதி தங்கைக்குச் சேர வேண்டியது என்றோம். நீதிமன்றமே தமக்குக் கொடுத்துவிட்டதே என்றார். ஏன் அவ்வாறு கொடுத்தது என்பது நம் இருவருக்கும் தெரியும் என்றோம். தலை குனிந்தார், பார்க்கலாம் சாமி என்று எழுந்து போனார். அந்த உறையையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினோம், ஆறு ஆண்டு தாமதமாக.

பிறகு தங்கையின் வீட்டுக்குச் சென்றோம். அண்ணனிடம் பேசியிருக்கிறோம், நிலமோ அதற்கு ஈடான தொகையோ கேட்டுப் பெற முயல்வோம் என்றோம். நாம் திருப்பலியில் வாசித்ததற்காகவும் மன்னிப்புக் கேட்டோம். அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் மடித்து வைத்த தீர்ப்பு நகல் அதில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எவரோ படித்துச் சொன்னபோது ஒரு பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருக்கிறார். அவருடைய சாட்சியம் நம்பத்தக்கதன்று, தந்தையின் வாய்மொழியைப் பற்றி அவர் பொய்யுரைத்துள்ளார் என்பது அப்பத்தி.

"நிலம் வந்தால் வரட்டும், சாமி. எங்கள் அப்பாவைப் பற்றி நான் பொய் சொன்னேன் என்று இதில் எழுதியிருக்கிறதே, அதை யாரிடம் போய் அழிக்கச் சொல்வது?"

நாம் அந்தத் தாளை மடித்து அவரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பையில் வைத்து, பையை மீண்டும் ஆணியில் மாட்டினார்.