ஒருத்தியின் கடனுக்கு ஒன்பது பேர் பிணையா?



குழுக் கடனில் ஒருத்தி தவணை தவறினால், மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்காருவது பாவமா என்று சத்துவாச்சாரித் தாய்மார் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வங்கிக்காரர் இதற்குப் பதில் சொல்லமாட்டார்.

குழு என்பது நல்ல நோக்கத்தோடே பிறந்தது. 1989-ம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கிற்று. பெண்கள் முதலில் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். பிறகே வங்கிக் கடன். உள்கடனின் வட்டி குழுவின் பொதுப்பணத்திலேயே சேர்ந்தது. தொழிற்பயிற்சியும் உண்டு. இன்று தெருவுக்குத் தெரு வரும் கம்பெனிக் கடனோ வேறு ரகம். சேமிப்பு வேண்டாம், ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை நின்றால் போதும்.

வட்டி வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஏழைகளுக்கென்று பிராஞ்சிஸ்கு சபைத் துறவிகள் இத்தாலியில் ஏற்படுத்திய அடகுக் கடன் நிலையங்கள், நிர்வாகச் செலவுக்காகச் சிறு தொகை வாங்கலாமென்று 1515-ல் 10-ம் சிங்கராயர் பாப்பரசர் காலத்து லாத்தரன் சங்கம் அனுமதித்தது. ஆனால் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் காட்டும் நியாயம் ஒன்றுண்டு: வியாபாரத்தில் கூட்டுச் சேர்ந்து பணம் போடுகிறவன் லாபத்தில் பங்கு கேட்கலாம், ஏனெனில் பணம் முழுகினால் நஷ்டமும் அவனுடையது. பணம் திரும்பாதோ என்ற அபாயத்துக்காக வட்டியைக் கூட்டி வாங்கிக்கொண்டு, அதே அபாயத்தை ஒன்பது ஏழைப் பெண்களின் தலையிலும் ஏற்றினால், ஒரே சரக்குக்கு இரண்டு விலை வாங்கினதாகாதா?

ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலியோர் செய்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்னமே தொழில் நடத்தினவர்களுக்கு இக்கடன் ஓரளவு உதவிற்று. பொதுவாகக் குடும்பங்களின் வாழ்வு உயர்ந்ததாகக் காணவில்லை. ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே செருப்பின் மேல்பாகம் தைக்கிறவள் இன்னொரு மிஷின் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வருவதும் நிற்பதும் அவள் கையில் இல்லை. ஆர்டர் நின்றாலும் தவணை நிற்காது.

ஆகையால், கட்டக்கூடியவள் கட்டாமல் ஏய்த்தால், அவள் மற்றவர்களுக்கு அநியாயம் செய்கிறாள். கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கட்ட இயலாதவளை நெருக்க உரிமையில்லை. பொதுப்பணத்திலிருந்து கட்டுங்கள், கம்பெனியிடம் தவணை கேளுங்கள். தெருவில் நின்று ஏசினால், அவள் நற்பெயரைத் திருடுகிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. 2010-ல் ஆந்திரத்தில் வசூல் கொடுமையால் உயிர்களே போயின. வசூலில் வற்புறுத்துவதற்கு எதிராக நம் மாநிலமும் 2025-ல் சட்டம் செய்திருக்கிறது.

இனி ஆண்களுக்கு. மனைவி பெயரில் வாங்கிய கடனை நீங்கள் குடித்துச் செலவழித்திருந்தால், நோட்டில் யார் கையெழுத்து இருந்தாலும், சர்வேசுரன் சமுகத்தில் அந்தக் கடன் உங்களுடையது. அடுத்த சம்பளத்தில் முதலில் அதைக் கட்டுங்கள்.