மணல் வீடு கட்டுகிற புழு

இளையரசனேந்தல் கரிசலில் இருக்கிற நமக்குக் கடல் தூரந்தான். ஆனாலும் கேரளக் கரைப் பாறைகளிலே ஒரு சின்னப் புழு கட்டுகிற திட்டைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சபெல்லாரியா என்பது அதின் இனத்துப் பேர். அலை கிளப்புகிற மணலை ஒவ்வொன்றாய்ப் பிடித்து, தன் உடம்பில் ஊறுகிற பசையால் ஒட்டி, தனக்கென்று ஒரு குழாய் கட்டி உள்ளே இருந்துகொள்ளும். அந்தப் பசை தண்ணீருக்குள்ளேயே இறுகிப்போகும்! ஆயிரமாயிரம் குழாய்கள் சேர்ந்து தேன்கூடு மாதிரி திட்டாகிறது. நண்டும் சிப்பியும் அதிலே குடியேறுகின்றன.

சரி, புழு நன்மை செய்ததா? அது தன் பாதுகாப்புக்குத்தானே கட்டினது, நண்டை நினைக்கவே இல்லையே! அதைப் புண்ணியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் நம்ம சபையில் ஒரு வயசான அம்மா கேட்டார்கள்: "பாஸ்டர், தீப்பெட்டி ஒட்டியே பிள்ளைகளை ஆளாக்கினேன். வேற யாருக்கும் ஒண்ணும் செய்யலையே, என் பிழைப்பு கணக்குல வருமா?"

இங்கிலாந்திலே வில்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1968-ல் எழுதினதைச் சொன்னேன். இந்தப் புழுவின் குஞ்சுகள் வாரக்கணக்காய்க் கடலில் மிதக்கும். மூத்த புழுக்கள் ஒட்டின பசையைத் தொட்டால்தான் பெரும்பாலும் அங்கே இறங்கிக் குடியிருக்கும். கட்டினது செத்துப்போனாலும் பழைய குழாய் போதும். "புழுவுக்கு அது தெரியாதும்மா, உங்களுக்குத் தெரியுமே. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தானே பள்ளிக்கூடம் போச்சு?" என்றேன்.

"நான் அதுகளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே, பாஸ்டர்" என்றார்கள்.