வீணாகும் நீர் எது?

மாரி முறுகி இரணைமடுக்குளம் வான் பாயும் வேளையில், "இவ்வளவு தண்ணியும் வீணாய்க் கடலுக்குப் போகுதே!" என்ற குரலைக் கிளிநொச்சியில் எங்கும் கேட்கலாம். வரட்சியில் வாடியறிந்த கமக்காரனின் பெருமூச்சு அது. அதனை எள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆயினும் 'வீண்' என்ற சிறு சொல்லினுள்ளே அறம் பற்றிய வினாவொன்று ஒளிந்து கிடக்கின்றது. யாருக்கு வீண்?

கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் தேங்கி, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் களப்பிலே கொண்டு சேர்க்கின்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அவ்விடத்திலேதான் இறாற் குஞ்சு வளர்கின்றது. பூநாரையும் வலசைப் பறவைகளும் இரை தேடுகின்றன. களப்பிலே வலைவீசி வாழ்பவனுக்கு வயலுமில்லை, வாய்க்காலுமில்லை. வயற்காரனுக்கு வீணான நீர் அவனுக்குச் சோறு. ஐம்பதுகளில் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் களப்பை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு நீர் வழங்கத் திட்டம் வகுத்தார். குடாநாட்டின் தாகம் பொய்யன்று. எனினும் இத்தகைய கணக்குகளில் மீனுக்கென ஒரு வரி எழுதப்படுவது அரிது.

எழுத முனைந்த சட்டமோ வேறொரு வழியிற் சென்றது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2015இல், எல்லையும் விரிக்கப்பட்டு, தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. சரணாலயத்துள் மனிதர் வாழலாம், தொழில் செய்யலாம். தேசியப் பூங்காவினுள் நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும். 2009இல் முடிந்த போரினால் துரத்தப்பட்டவர்கள் மீண்டும் வேரூன்றத் தொடங்கிய காலத்திலே வந்தது இம்மாற்றம்.

காவல் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 'பசித்தவனிடம் பறவையைப் பற்றிப் பேசுவதா?' என்று கேட்கும் நம் தோழர் சிலர், அப்பறவையின் இரையும் அவனுடைய இரையும் ஒரே நீரில் விளைவதை மறந்துவிடுகிறார்கள். என் குறை வேறு. எல்லைக்கல் களப்பைச் சுற்றி நிற்கின்றது. களப்பை உயிர்ப்பிக்கும் ஆறோ பெரும்பாலும் எல்லைக்கு வெளியே ஓடுகின்றது. மேலே மணல் அள்ளப்பட்டால், கரைக்காடு வெட்டப்பட்டால், வயலிற் தெளித்த கிருமிநாசினி கழிநீரோடு இறங்கினால், பூங்காக் காவலன் என்ன செய்வான்? தோணிக்காரனை மறிப்பது எளிது. மணல் லொறிக்காரனுக்குத் தோணிக்காரனைவிடச் செல்வாக்கு அதிகம்.

சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கக் கமக்காரரும் அதிகாரிகளும் கூடுகின்றனர். அக்கூட்டத்தில் களப்பு மீனவனுக்கும் ஓர் ஆசனம் போடவேண்டும். ஆற்றுக்கென எவ்வளவு நீர் விடுவது என்ற கேள்வியை அவன் அங்கே எழுப்பட்டும். கமக்காரன் மறுப்பான், சச்சரவு நேரும். நேரட்டுமே. இன்று அந்தச் சச்சரவுகூட இல்லாமலே கணக்கு முடிந்துவிடுகின்றது.